கார் ஏசியும் எரிபொருள் செலவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏசி போட்டால் மைலேஜ் எவ்வளவு குறையும் என்ற கேள்விக்கு ஐந்து சதவீதம் என்று ஒருவரும் முப்பது சதவீதம் என்று இன்னொருவரும் பதில் சொல்வார்கள். இரண்டு பேருமே தாங்கள் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஏசிக்குத் தேவைப்படும் எரிபொருள் கார் ஓடிய தூரத்தைப் பொறுத்ததன்று, ஏசி ஓடிய நேரத்தைப் பொறுத்தது என்பதால், ஒரே கார் அண்ணா சாலையில் ஒரு விடையும் திருச்சி நெடுஞ்சாலையில் வேறொரு விடையும் தரும். கீழே உள்ள பதில்கள் தமிழ்நாட்டு வெயிலில் ஓடும் சிறிய, நடுத்தரப் பெட்ரோல் கார்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மதிப்பீடுகள் வரும் இடங்களில், அவற்றை நீங்களே சரிபார்த்துக்கொள்ள வசதியாகக் கணக்கையும் சேர்த்தே தந்திருக்கிறேன்.

ஏசி போட்டால் பெட்ரோல் ஏன் கூடுதலாகச் செலவாகிறது? அது பேட்டரியில்தானே ஓடுகிறது?

பெட்ரோல், டீசல் கார்களில் பேட்டரி ஓட்டுவது காற்றை வீசும் ப்ளோயரையும் முன்பக்க விசிறியையும் மட்டும்தான். குளிரை உண்டாக்கும் கம்ப்ரசர், இன்ஜினுடன் பெல்ட் மூலம் இணைக்கப்பட்டிருக்கிறது. ஏசி பட்டனை அழுத்தியதும் கம்ப்ரசரின் முகப்பில் உள்ள மின்காந்தக் கிளட்ச் பிடித்துக்கொள்ள, இன்ஜின் சக்கரங்களைச் சுழற்றுவதோடு கம்ப்ரசரையும் சேர்த்துச் சுழற்ற வேண்டியதாகிறது. நின்றுகொண்டிருக்கும் காரில் ஏசி போட்டவுடன் மெல்லிய ஓர் அதிர்வும், இன்ஜின் சுழற்சி வேகத்தில் சிறு ஏற்றமும் தெரிவதற்கு இதுவே காரணம். சுமை கூடியதும் இன்ஜின் அணைந்துவிடாமல் இருக்க, அதன் கட்டுப்பாட்டுக் கணினி கூடுதல் பெட்ரோலை விடுகிறது.

சுடும் வண்டியைக் குளிர வைக்கும் முதல் சில நிமிடங்களில் கம்ப்ரசர் மூன்று, நான்கு கிலோவாட் வரைகூட இழுக்கும். உள்ளே குளிர்ந்த பிறகு, விட்டுவிட்டு இயங்கும் கம்ப்ரசரின் சராசரி ஒன்று முதல் ஒன்றரை கிலோவாட் அளவுக்கு இறங்கிவிடும்.

அப்படியானால் மைலேஜ் எவ்வளவு குறையும்?

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் ஆற்றல் உண்டு. வீட்டு மின் கட்டணத்தில் வரும் அதே யூனிட்தான்: ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இன்ஜின் அதில் கால் பங்கு முதல் முப்பது சதவீதம் வரையே சுழற்சியாக மாற்றுகிறது, மீதி வெப்பமாகப் போய்விடுகிறது. ஆக, ஒரு லிட்டரிலிருந்து கம்ப்ரசருக்குக் கிடைப்பது சுமார் இரண்டே கால் முதல் இரண்டே முக்கால் யூனிட். கம்ப்ரசர் ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக ஒன்றேகால் கிலோவாட் இழுத்தால், அந்த ஒரு மணி நேர ஏசிக்கு அரை லிட்டர் பெட்ரோல் ஆகிறது. வண்டியின் அளவையும் வெயிலையும் பொறுத்து இது கொஞ்சம் கூடும், குறையும். கணக்குப் போடுவதற்கு அரை லிட்டர் என்பது நம்பத்தக்க எண்.

இனி இதை இரண்டு சாலைகளில் வைத்துப் பாருங்கள். நெரிசலில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து செல்லும் ஒரு கார், ஏசி இல்லாமல் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தருவதாகக் கொள்வோம். ஒரு மணி நேரத்தில் அது 20 கிலோமீட்டர் போய் 1.33 லிட்டர் செலவழிக்கிறது. ஏசியின் அரை லிட்டரைச் சேர்த்தால் 1.83 லிட்டர், மைலேஜ் 15 இலிருந்து 11 க்கு வந்துவிடுகிறது, அதாவது நான்கில் ஒரு பங்குக்கும் மேல் வீழ்ச்சி. அதே கார் நெடுஞ்சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டரில் சீராகப் போய் லிட்டருக்கு 20 தந்தால், ஒரு மணி நேரத்தில் 4 லிட்டர் ஆகும். ஏசியோடு 4.5 லிட்டர், மைலேஜ் 20 இலிருந்து 18 க்குச் சற்றுக் கீழே இறங்குகிறது. ஏசி குடித்தது இரண்டு இடத்திலும் அதே அரை லிட்டர்தான், நெடுஞ்சாலையில் அது நான்கு மடங்கு தூரத்துக்குப் பரவிவிட்டது.

அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனத் தகவல் தளமும், கடும் வெப்பத்தில், அதிலும் குறுகிய பயணங்களில், ஏசியால் மைலேஜ் 25 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடும் என்கிறது. குறுகிய பயணங்களைத் தனியே சொல்வதற்குக் காரணம் உண்டு: கம்ப்ரசர் முழு மூச்சாக உழைக்கும் முதல் பத்து நிமிடத்திலேயே அந்தப் பயணம் முடிந்துவிடுகிறது.

நிறுவனம் அறிவிக்கும் மைலேஜ் ஏசி போட்டு அளந்ததா?

இல்லை. விளம்பரங்களில் ‘ஏஆர்ஏஐ மைலேஜ்’ (ஏஆர்ஏஐ என்பது இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம்) என்று வரும் எண், இந்திய ஓட்டுச் சுழற்சி எனப்படும் சோதனையில், வண்டியை உருளைகள் மேல் நிறுத்தி, ஏசியை அணைத்துவிட்டு அளக்கப்பட்டது. அதில் உச்ச வேகமே மணிக்கு 90 கிலோமீட்டர்தான். அமெரிக்காவில் 2008 மாடல் கார்களிலிருந்து, 35 டிகிரி வெப்பத்தில் ஏசியை ஓட விட்டு நடத்தும் தனிச் சோதனையின் முடிவையும் சேர்த்தே மைலேஜை அறிவிக்கிறார்கள். ஆண்டில் எட்டு மாதமாவது ஏசி தேவைப்படும் நம் ஊரில் அந்த எண் வாங்குபவர் கண்ணில் படாமல் இருப்பது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. வண்டி வாங்கியவர், தன் காரில் ஏதோ கோளாறு என்று சர்வீஸ் சென்டருக்கு அலைவதில் ஒரு பகுதி இதனால் வருவது.

காரை நிறுத்திவிட்டு ஏசியை மட்டும் ஓட விட்டால் எவ்வளவு செலவாகும்?

சிறிய பெட்ரோல் கார் நின்ற இடத்தில் ஏசி இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தால் மணிக்கு 0.6 லிட்டர் அளவில் செலவாகும். ஏசியோடு அது ஒரு லிட்டரைத் தொடும். பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காக அரை மணி நேரம் ஏசியில் காத்திருந்தால் அரை லிட்டர் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. இன்ஜினை ஓட விட்டு, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, ஏசியில் தூங்குவது உயிருக்கு ஆபத்தானது. புகைக்குழாயில் சிறு கசிவு இருந்தாலோ, மூடிய ஷெட்டில் வண்டி நின்றாலோ, நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உள்ளே சேர்ந்து, தூங்குபவர் விழிக்காமலே போக நேரிடும். இரவு சவாரிக்கு இடையில் கண்ணயரும் ஓட்டுநர்கள் தயவுசெய்து இன்ஜினை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் ஓய்வெடுங்கள்.

ஏசிக்குப் பதிலாகக் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுவது சிக்கனமா?

நகருக்குள் சந்தேகமில்லாமல் சிக்கனம். வேகம் கூடக்கூட விடை மாறுகிறது. காற்றைக் கிழித்துச் செல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது: வேகம் இரு மடங்கானால் திறன் எட்டு மடங்காகிறது. ஒரு சிறிய காருக்கு மணிக்கு 40 கிலோமீட்டரில் இந்தத் தேவை அரை கிலோவாட் அளவுதான், 80 இல் நான்கு கிலோவாட்டுக்கு மேல், 100 இல் எட்டு கிலோவாட்டுக்கும் மேல். திறந்த கண்ணாடிகளால் காற்றுத் தடை பத்தில் ஒரு பங்கு கூடுவதாகக் கொண்டால், 40 இல் அது பொருட்படுத்தத் தேவையில்லாத தொகை. 100 ஐத் தாண்டும்போது அந்தப் பத்தில் ஒரு பங்கே ஏசி இழுக்கும் ஒரு கிலோவாட்டுக்குச் சமமாகிவிடும். தடை அதைவிட அதிகமாகக் கூடும் வடிவமுள்ள கார்களில் 80 ஐ ஒட்டியே இந்தச் சமநிலை வந்துவிடலாம்.

இரண்டுக்கும் இடைப்பட்ட வேகங்களில் வித்தியாசம் மிகச் சிறியது. அங்கே எரிபொருள் கணக்கைப் பார்க்க வேண்டாம். லாரிப் புகை, தூசி, காதை அடைக்கும் இரைச்சல், நீண்ட தூரம் ஓட்டுபவரின் களைப்பு ஆகியவற்றைக் கருதி, நெடுஞ்சாலையில் கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டுக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன். சென்னையிலிருந்து திருச்சி வரையிலான சுமார் 330 கிலோமீட்டரை ஐந்து மணி நேரத்தில் ஓட்டினால், ஏசிக்காக மொத்தம் ஆகக்கூடியது இரண்டரை லிட்டர்.

வெப்பநிலையை 18 க்குப் பதில் 24 இல் வைத்தால் பெட்ரோல் மிச்சமாகுமா?

உங்கள் காரில் இருப்பது எந்த வகை ஏசி என்பதைப் பொறுத்தது. இந்த இடத்தில்தான் பலர் வீட்டு ஏசியின் பழக்கத்தைக் காருக்குக் கொண்டுவந்து ஏமாறுகிறார்கள்.

நீலம், சிவப்பு என்று நிறம் காட்டும் திருகு மட்டும் உள்ள சாதாரண ஏசியில், பல கார்களில் அந்தத் திருகுக்கும் கம்ப்ரசருக்கும் நேரடித் தொடர்பே இல்லை. கம்ப்ரசர் எப்போதும்போலக் கூலிங் காயிலை, அதன் மேல் பனி உறையும் நிலைக்குச் சற்று முன்பு வரை குளிர்வித்துக்கொண்டே இருக்கும். திருகைச் சிவப்புப் பக்கம் நகர்த்தினால், இன்ஜின் வெந்நீரால் சூடாகும் ஹீட்டர் காயில் வழியாகக் காற்றின் ஒரு பகுதி திருப்பிவிடப்பட்டு, குளிர்ந்த காற்றோடு சூடான காற்று கலக்கப்படுகிறது. அதாவது பெட்ரோலைச் செலவழித்துக் குளிர்வித்த காற்றை மறுபடியும் சூடாக்கி உங்களுக்குத் தருகிறது. இதில் மிச்சம் எதுவும் கிடையாது. இத்தகைய கார்களில் திருகை முழு நீலத்தில் வைத்துவிட்டு, குளிர் அதிகமானால் ப்ளோயர் வேகத்தைக் குறைப்பதே சரியான வழி. காயில் மேல் போகும் காற்று குறைந்தால் அது எடுத்துவரும் வெப்பம் குறைகிறது; காயில் சீக்கிரம் குளிர்ந்து, கம்ப்ரசர் அடிக்கடி விடுபட்டு ஓய்வெடுக்கிறது. ப்ளோயர் மோட்டாரின் மின்சாரமும் கொஞ்சம் மிச்சம், ஆனால் அது பெரிய தொகையன்று.

எண்களில் வெப்பநிலை காட்டும் தானியங்கி ஏசியில், அதுவும் தேவைக்கேற்பத் தன் அளவைக் குறைத்துக்கொள்ளும் கம்ப்ரசர் உள்ள வண்டிகளில், 24 அல்லது 25 இல் வைப்பது உண்மையிலேயே பலன் தரும். வண்டியில் ஏறியதும் சீக்கிரம் குளிரட்டும் என்று 16 க்கு இறக்குவதால் பயனில்லை. 24 இல் வைத்தாலும் உள்ளே கொதிக்கும்போது அந்த ஏசி முழு வேகத்தில்தான் உழைக்கும். 16 இல் வைத்தவர் திரும்பக் கூட்ட மறந்துவிட்டால், கம்ப்ரசர் பயணம் முழுவதும் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

உள்காற்றைச் சுழற்றும் பட்டன் எப்போது பயன்படும்?

கார் படத்துக்குள் வளைந்த அம்புக்குறி போட்ட அந்த பட்டன், மொத்த ஏசியிலும் செலவில்லாமல் அதிகம் மிச்சம் தரக்கூடியது. அதை அழுத்தாவிட்டால், வெளியே இருக்கும் 38 டிகிரிக் காற்றை ஒவ்வொரு நொடியும் புதிதாக இழுத்துக் குளிர்விக்க வேண்டும். அழுத்தினால், ஏற்கெனவே 26 டிகிரிக்கு வந்துவிட்ட காற்றையே மீண்டும் குளிர்வித்தால் போதும்.

வெயிலில் நின்ற காரில் ஏறும் முதல் ஓரிரு நிமிடம் மட்டும் இது பொருந்தாது. அப்போது உள்ளே இருக்கும் காற்று வெளிக்காற்றைவிடச் சூடானது. நாலைந்து பேர் அடைந்து உட்கார்ந்து நீண்ட தூரம் போகும்போதும் இடையிடையே வெளிக்காற்றை விடுங்கள். மூச்சுக்காற்றின் கரியமில வாயு சேர்ந்தால் ஓட்டுபவருக்குத் தூக்கம் தட்டும்.

வெயிலில் நிறுத்திய காரை எப்படிக் குளிர வைப்பது?

அக்னி நட்சத்திர நாட்களில் ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற காரின் உள்வெப்பம் 50 டிகிரியைத் தாண்டும். டேஷ்போர்டு அதைவிடக் கொதிக்கும். காற்றைக் குளிர்விப்பது எளிது, இருக்கையும் டேஷ்போர்டும் உறிஞ்சிவைத்த வெப்பத்தை எடுப்பதுதான் கடினம். எனவே முதலில் எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கி, ப்ளோயரைப் போட்டு, வண்டியை நகர்த்துங்கள். தெருமுனை திரும்புவதற்குள் சூடான காற்று வெளியேறிவிடும். பிறகு கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டு, உள்காற்றுச் சுழற்சிக்கு மாறுங்கள். வண்டியை நிறுத்தியபடியே ஏசி போட்டுக் குளிரும்வரை காத்திருப்பது வீண். ஓடும்போது கம்ப்ரசர் வேகமாகச் சுழல்வதாலும் வெப்பத்தை வெளியே தள்ளும், முன்னால் உள்ள கண்டன்சருக்கு நல்ல காற்று கிடைப்பதாலும் விரைவாகக் குளிரும்.

வேப்ப மரத்து நிழலோ, முன் கண்ணாடிக்குப் பின்னால் விரிக்கும் வெள்ளி நிறத் தடுப்போ இருந்தால் இந்தச் சிரமத்தில் பாதி இல்லை. கறுப்புப் படம் ஒட்டுவது இதற்கு வழியாகாது. முன், பின் கண்ணாடிகள் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் ஒளியை விட வேண்டும் என்பது விதி, கறுப்புப் படங்களை உச்ச நீதிமன்றம் 2012 இல் தடை செய்தது.

சென்னையில் மட்டும் ஏசி அதிகம் உழைப்பதுபோல் தெரிகிறதே, ஏன்?

உண்மைதான். ஏசி காற்றைக் குளிர்விப்பதோடு அதில் உள்ள ஈரத்தையும் நீராக மாற்றுகிறது. நிறுத்திய காரின் அடியில் சொட்டும் தண்ணீர் அதுதான். ஒரு லிட்டர் தண்ணீர் கிடைக்கும் அளவு நீராவியைத் தண்ணீராக்க ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். கம்ப்ரசர் வாங்கும் திறனைப்போல் இரு மடங்கு வெப்பத்தை அது வெளியேற்றும் என்று கொண்டால், சொட்டும் ஒவ்வொரு லிட்டர் தண்ணீருக்கும் சுமார் 130 மில்லி பெட்ரோல் பின்னால் இருக்கிறது. கடற்காற்று வீசும் சென்னையிலும் கடலூரிலும் இந்தச் சுமை அதிகம். கரூரிலோ வேலூரிலோ வெயில் கூடுதலாக இருந்தாலும் காற்று வறண்டிருப்பதால், ஏசியின் உழைப்பு பெரும்பாலும் குளிர்விப்பதற்கே போகிறது.

மழைக்காலத்தில் முன் கண்ணாடியில் படியும் மூடுபனியை நீக்க ஏசி போடும்போதும் நடப்பது இந்த ஈரம் நீக்கும் வேலைதான். அந்த நேரத்தில் பெட்ரோலை நினைத்து ஏசியை அணைக்க வேண்டாம். பாதை தெரிவது முதன்மையானது.

மலையேறும்போது ஏசியை அணைக்க வேண்டுமா?

ஒரு லிட்டருக்கும் குறைவான இன்ஜின் உள்ள கார்களில், முழுச் சுமையோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறும்போது, அணைப்பது நல்லது. எரிபொருளைவிட இழுவைத் திறனும் இன்ஜின் சூடும்தான் இதில் முக்கியம். ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதிக்கும்போது பல கார்கள் தாமாகவே கம்ப்ரசரைச் சில நொடிகள் விடுவித்துவிடும். அந்த நேரத்தில் காற்று சற்று வெதுவெதுப்பாக வந்தால் பழுது என்று எண்ண வேண்டாம்.

ஏசி கேஸ் குறைந்தால் பெட்ரோல் அதிகம் செலவாகுமா?

ஆகும். கேஸ் சற்றுக் குறைந்த நிலையில் குளிர் குறைவாகவே கிடைப்பதால் ஓட்டுபவர் ப்ளோயரை உச்சத்தில் வைக்கிறார், கம்ப்ரசரும் ஓயாமல் ஓடுகிறது. ஆனால் குளிர் குறைந்தாலே கேஸ் நிரப்ப வேண்டும் என்பதில்லை. முன்பக்கக் கண்டன்சரின் தகடுகளுக்கு இடையில் மண்ணும் பூச்சியும் அடைத்திருக்கலாம், உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் தூசியால் மூடியிருக்கலாம். இவற்றை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கேஸ் ஆண்டுதோறும் தீர்ந்துபோகும் பொருளன்று; குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் நிரப்புவது பணத்துக்கும் காற்றுக்கும் கேடு: பெரும்பாலான கார்களில் உள்ள ஆர்-134ஏ, அதே எடையுள்ள கரியமில வாயுவைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும்.

டீசல், ஹைபிரிட், மின்சாரக் கார்களில் இந்தக் கணக்கு எப்படி?

டீசலில் ஒரு லிட்டருக்கு ஆற்றலும் அதிகம், இன்ஜின் திறனும் அதிகம் என்பதால், ஒரு கிலோவாட் ஏசிக்கு மணிக்கு 0.3 லிட்டருக்குள் முடிந்துவிடும். இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் கார்களில் பெரும்பாலும் கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடும். சிக்னலில் இன்ஜின் அணைந்தாலும் குளிர் நிற்காது, ஆனால் பேட்டரி இறங்கியதும் இன்ஜின் விழித்துக்கொள்ளும்.

மின்சாரக் காரில் இந்த நேரக் கணக்கு இன்னும் துலக்கமாகத் தெரியும். கிலோமீட்டருக்கு 130 வாட் மணி செலவழிக்கும் ஒரு கார், 30 யூனிட் பேட்டரியில் 230 கிலோமீட்டர் போகும். ஒரு கிலோவாட் ஏசியோடு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அது 205 ஆகும், 20 கிலோமீட்டர் வேக நெரிசலில் 167 தான். கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்பு, சார்ஜரில் இணைந்திருக்கும்போதே செயலி வழியாக ஏசி போட்டுவிட்டால், அந்த முதல் சுமை பேட்டரியில் விழாது.

கால் டாக்சியில் ஏசி போடச் சொன்னால் ஓட்டுநர் தயங்குகிறாரே, அவர் சொல்வது நியாயமா?

பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேர ஏசி அவருக்கு ஐம்பது ரூபாய். காலியான சாலையில் அந்த ஒரு மணி நேரத்தில் நாற்பது கிலோமீட்டர் ஓட்டிச் சம்பாதிக்கும்போது அது தாங்கக்கூடிய தொகை. வடபழனி நெரிசலில் அதே நேரத்தில் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் நகர முடிந்தால், கிடைக்கும் சிறு வருமானத்திலிருந்து அதே ஐம்பது ரூபாய் போகிறது. ஏசி வண்டி என்று பதிவு செய்து பணம் கொடுத்த பயணி கேட்பதும் சரி, ஓட்டுநர் வருந்துவதும் சரி. கட்டணம் பெரும்பாலும் கிலோமீட்டரைக் கொண்டு கணக்கிடப்படுவதும், ஏசிச் செலவு மணியைக் கொண்டு ஏறுவதும்தான் இந்த வாக்குவாதத்தின் வேர். நெரிசல் நேரத்துக்கான தொகையைக் கட்டணத்தில் ஒழுங்காகச் சேர்க்க வேண்டியது செயலி நடத்தும் நிறுவனங்களின் பொறுப்பு.

என் காரில் ஏசி எவ்வளவு குடிக்கிறது என்று நானே அளக்க முடியுமா?

முடியும். டேங்கை நிரப்பும் பம்ப் தானாக நிற்கும் வரை ஒரே பெட்ரோல் பங்க்கில் நிரப்பி, வழக்கமான பாதையில் ஒரு டேங்க் முழுவதும் ஏசியோடும், குளிர்ந்த வானிலை வரும்போது இன்னொரு டேங்க் ஏசி இல்லாமலும் ஓட்டிப் பாருங்கள். ஓடிய கிலோமீட்டரோடு இன்ஜின் ஓடிய மணி நேரத்தையும் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள்; பல கார்களின் மீட்டரிலேயே பயண நேரமும் சராசரி வேகமும் வருகின்றன. ஏசி இல்லாத டேங்கின் மைலேஜை வைத்து, ஏசியோடு ஓடிய தூரத்துக்கு எவ்வளவு ஆகியிருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, உண்மையில் ஆனதிலிருந்து கழித்து, மீதியை மணி நேரத்தால் வகுத்தால் உங்கள் காரின் எண் கிடைக்கும். அது ஒரு லிட்டரை நெருங்கினால் கண்டன்சரையும் கேபின் ஃபில்டரையும் கேஸ் அழுத்தத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள்.